மேலோடு மொண்ட தண்ணீர்

பொன்னுத்தாய் அக்கா எந்தத் தண்ணீரையும் உள்ளங்கையில் கொஞ்சம் ஏந்தி, நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் குடிப்பார். கல்யாணப் பந்தியில் வைக்கும் தம்ளரையும் அப்படித்தான். இருபது வருடமாக எதிர்வீட்டிலிருந்து பார்க்கிறேன். ஒருநாளும் தவறியதில்லை.

எங்கள் ஊர் வேதாரண்யத்துக்குப் பக்கம், உப்பளத்துக்கும் மணல்மேட்டுக்கும் நடுவில். கிணறு வெட்டினால் கரிக்கும். மேட்டில் முழங்கால் ஆழம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். அதை ஊற்று என்போம். அதில் குடத்தை முக்கக் கூடாது. கொட்டாங்கச்சியால் மேலோடு மொண்டு, மறுபடி ஊறும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் அடியில் இருக்கும் உப்பு ஏறிவிடும்.

நான் ஐந்தாவதோடு நின்ற பள்ளியில் அக்கா சத்துணவு சமைத்தார். பள்ளிக்குப் பின்னால் இருந்த ஊற்றிலிருந்து விடியலில் ஆறு குடம் கொண்டுவருவார். மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். பிள்ளைகள் தாகத்தோடு வீடு திரும்புவதைப் பார்த்து, பெற்றவர்கள் அவர்களை வேனில் ஏற்றி டவுன் பள்ளிக்கு அனுப்பத் தொடங்கினார்கள்.

"பதினெட்டுப் பேர்தான் இருக்காங்கக்கா. இன்னும் கொறஞ்சா பள்ளிக்கூடத்தையே மூடிடுவாங்க" என்றார் மதிவதனி டீச்சர்.

"தண்ணி இருந்தா வருவாங்க டீச்சர்."

டீச்சர் எங்கெங்கோ எழுதிப் போட்டார். சென்னையிலிருந்து ஓர் அறக்கட்டளை வந்தது. போர் போட்டு, மோட்டார் வைத்து, தொட்டி கட்டித் தருவதாகச் சொன்னார்கள். சாய்ராம் என்ற இன்ஜினியர் தன்மையான ஆள். ஊரில் நல்ல தண்ணீர் எங்கே என்று கேட்டார். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா தன் ஊற்றைக் காட்டினார். அவர் ஒரு வாய் குடித்துப் பார்த்து, "இளநி மாதிரி இருக்கும்மா" என்றார். அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அந்த ஊற்றுக்குப் பக்கத்திலேயே போர் போட இயந்திரம் வந்த அன்று அக்கா மெதுவாகச் சொன்னார்: "சார், இங்க மேலோடதான் மொள்ளணும்."

"அந்தக் கஷ்டம் வேண்டாம்னுதாம்மா மோட்டார்."

"பொன்னுத்தாயி, இனிமே அந்தக் கொட்டாங்கச்சிய அடுப்புல போடு!" என்றார் கூட்டத்தில் நின்ற மருதையன். எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். இன்னும் ஏதோ சொல்ல வாய் திறந்து மூடியதைப் பார்த்தேன். எனக்கும் தெரிந்ததுதான். நானும் சொல்லவில்லை.

நான்கு மாதம் குழாயில் தண்ணீர் கொட்டியது. வேனில் போன ஏழு பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். அக்கா ஒவ்வொரு தலையாக எண்ணி அரிசி போட்டார்.

மாசியில் ஒரு காலை, குழாய்த் தண்ணீரை நாக்கில் வைத்தவர் விழுங்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் மறுநாளும் பார்த்தார். அடுத்த வாரம் பருப்பு வேகவில்லை. பிள்ளைகள் குடித்துவிட்டுத் துப்பினார்கள்.

அக்கா பழைய கொட்டாங்கச்சியைத் தேடி எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். ஊற்றைத் தோண்டி, ஊறும்வரை காத்திருந்து, மேலோடு மொண்டார். நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். கரித்தது.

"நாந்தானே கைய நீட்டிக் காட்டுனேன்" என்றார்.

டீச்சர் போன் செய்தார். சாய்ராம் வந்து பார்த்தார். சுத்திகரிக்கும் மெஷினுக்குக் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லிப் போனார். அதற்குப் பணம் கிடைக்கவில்லை என்று பிறகு தகவல் வந்தது. அக்கா அரை மைல் தள்ளி வேறு மேட்டிலிருந்து சுமந்தார். நான்கு குடம்தான் முடிந்தது. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது ஆறு பிள்ளைகள் வந்திருந்தார்கள்.

அந்த வருடமே பள்ளியைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். அக்கா இப்போது அங்கே சமைக்கிறார். போக மூன்று மைல், வர மூன்று மைல். எங்கள் பள்ளி பூட்டிக் கிடக்கிறது. தொட்டி காய்ந்து நிற்கிறது. மழைக்காலம் முடிந்ததும் அக்கா ஊற்றைத் தோண்டி நாக்கில் வைத்துப் பார்க்கிறார். மூன்று மழை போய்விட்டது. இன்னும் கரிக்கிறது.