மேங் ஐயா சாய்ந்து நின்ற இடம்

கொரியாவின் குன்சான் துறைமுகத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பத்தொன்பது வருஷமாக மி-ரானுக்கு ஒரே வேலை. புது மருந்து பலிக்கிறதா என்று பார்க்க, நுரையீரல் நோயாளிகளை ஆறு நிமிஷம் நடக்கவிட்டு அளப்பாள். முப்பது மீட்டர் நடைபாதை, இரண்டு முனையிலும் ஆரஞ்சுக் கூம்பு. தாளில் அச்சடித்த வாக்கியங்களைத் தவிர ஒரு வார்த்தை பேசக் கூடாது. ‘சபாஷ்’ என்றால்கூட அளவு கெட்டுவிடுமாம். வீட்டிலும் இவள் அளந்துதான் பேசுவாள் என்று புருஷன் கேலி செய்வான்.

மார்ச்சில் மேங் ஐயா நடந்தார். மீன்பிடிப் படகிலேயே காலம் தள்ளிய மனிதர். நான்காவது நிமிஷம், கூம்புக்கு எட்டு மீட்டர் முன்னால், சுவரில் சாய்ந்துவிட்டார்.

"சாஞ்சு நில்லுங்க ஐயா. முடியும்போது மறுபடி நடங்க" என்று தாளில் உள்ளதை அப்படியே சொன்னாள். சரி என்று தலையாட்டியவர் அப்படியே சரிந்தார். தூக்கிக்கொண்டு ஓடினார்கள், பிழைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அது ஆரம்பித்தது. நடக்க வந்த அத்தனை பேரும் அந்த இடத்தில் ஓரடி விலகி, யாரையோ சுற்றிக்கொண்டு போவதுபோல் போனார்கள். ஏன் விலகினீர்கள் என்று கேட்டால், விலகினேனா என்று திருப்பிக் கேட்டார்கள். பயந்துபோன மி-ரான் வேலையே வேண்டாம் என்றுகூட நினைத்தாள்.

ஜூனில் பொக்-சூன் அம்மாள் வந்தாள், சந்தையில் கருவாடு விற்பவள். முந்நூறு மீட்டர் நடந்தால்தான் மருந்துச் சோதனையில் சேர்ப்பார்கள்; வேறெந்த மருந்துக்கும் அவள் நோய் கேட்கவில்லை. போகும்போதும் வரும்போதும் விலகி விலகி, இருநூற்றுத் தொண்ணூற்றாறிலேயே நேரம் முடிந்துவிட்டது. அரைமணி ஓய்வு, இன்னும் ஒரே ஒரு நடை. விதி அவ்வளவுதான்.

"அந்தச் சுவத்துக்கிட்ட யாருக்கும்மா அப்படி இரைக்குது? பாவம், உட்காரச் சொல்லக் கூடாதா?" என்றாள் அம்மாள்.

மி-ரானுக்கு அப்போதுதான் உறைத்தது. மேங் ஐயாவை நிற்கச் சொன்னவள் அவள்தான். முடிந்தது என்று அவரிடம் சொல்லவே இல்லை. ஒரு நாற்காலியைக் கொண்டுபோய் அந்தச் சுவரை ஒட்டிப் போட்டாள். நடை முடிந்த இடத்தில் ஒட்டும் சிவப்பு நாடாவையும் தரையில் ஒட்டினாள்.

"நேரம் முடிஞ்சிருச்சு ஐயா. உட்காருங்க" என்றாள். அது தாளின் கடைசி வாக்கியம். பிறகு, தாளில் இல்லாததையும் சொன்னாள்: "நல்லா நடந்தீங்க."

நாற்காலி மெல்ல முனகியது.

இரண்டாவது நடையில் அம்மாள் கோடு போட்டதுபோல் நேராகப் போனாள். முந்நூற்று நான்கு. மி-ரான் எழுதிக்கொண்டாள். கிளம்பும்போது அம்மாள் அந்தக் காலி நாற்காலியின் முன்னால் நின்று, பெரியவர்களுக்குக் குனிவதுபோல் குனிந்து நிமிர்ந்தாள்.

"இப்போ இரைக்கலை" என்றாள்.