வேலி தாண்டிய மூன்று பந்துகள்

கிரான்போர்ன் போகும் ரயிலில் எனக்கு எதிரே ஒரு பெண்மணி அமர்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், முழங்காலெல்லாம் மைதானத்து மண். பெண்கள் பேஸ்பால் அணியில் பந்து வீசுபவராம். அன்று அவர் வீசிய மூன்று பந்துகளை எதிரணியினர் வேலிக்கு வெளியே அடித்து ஹோம் ரன் எடுத்துவிட்டார்கள். பேசும்போதெல்லாம் வலது தோளைப் பிசைந்துகொண்டார்.

"அமெரிக்காவிலயும் இப்ப ஹோம் ரன் கூடிட்டுது. பந்தின்ர தையல் முந்தியைப்போலப் புடைச்சு நிக்கிறேல்லையாம், அதால காத்து மறிக்கிறது குறைவாம். அடிக்கிற ஆக்களும் தூக்கி அடிக்கப் பழகிட்டினம்."

"அப்போ உங்க தப்பு இல்லையே ஆன்ட்டி," என்றேன்.

மறுத்துத் தலையாட்டினார். "அது அங்கத்தைய கதை, பிள்ளை. நான் களைச்சுப்போய் நேர நடுவில போட்டனான். இனி என்னை அணியில எடுப்பினமோ தெரியாது."

"வேற மாதிரி போட முடியாதா?"

"ஏலும். இன்னும் பதிச்சுப் போடோணும். முழங்காலுக்குக் கிட்ட வந்தா தூக்கி அடிக்கிறது கஷ்டம்."

டண்டினொங் நிலையத்தில், "போட்டு வாறன்" என்று விடைபெற்று இறங்கினார். ரயில் நகர்ந்தபோது பார்த்தேன். கூட்டத்தைப் பொருட்படுத்தாமல் நடைமேடையில் நின்று, வெறுங்கையால் தாழ வீசிப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் அவரை எடுத்தார்களா என்று எனக்குத் தெரியாது. எடுத்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.