வழுக்கி விழுந்தார் என்று எழுதிய கை

அஞ்சலையை அவன் அடித்ததை என் கண்ணால் பார்த்தேன். பிறகு, அவள் வழுக்கி விழுந்தாள் என்று என் கையால் எழுதினேன். காளித் தாயை நம்புகிற உங்களிடம் இதைச் சொல்லாமல் அந்தத் தாய் எனக்குச் செய்ததைச் சொல்ல முடியாது.

நான் சமூகப் பணி படித்தவள். மனநலம் பாதிக்கப்பட்டு, வீட்டாரால் கைவிடப்பட்ட பெண்களுக்கான காப்பகம் ஒன்றில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். தஞ்சாவூர்ப் பக்கம்தான். அங்கே கண்காணிப்பாளன் வைத்ததே சட்டம். அவன் என் ஊர்க்காரன். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அம்மனிடம் சொல்லிவிட்டேன், அது போதும்.

அஞ்சலைக்கு முப்பது வயது இருக்கும். தினமும் மதியம் கேட்டுக்குப் போய் நின்று, போகிறவர் வருகிறவரிடம் "அண்ணன் வந்துச்சா?" என்று கேட்பாள். போன ஆடியில் ஒரு நாள், காப்பகத்தைப் பார்வையிட வந்த பெரிய மனிதர்களிடமும் கேட்டுவிட்டாள். அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும், கண்காணிப்பாளன் கேட்டுக்குப் போடும் இரும்புக் கம்பியை எடுத்து அவளை அடித்தான். கை எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

அவள் தரையில் முனகிக்கொண்டிருக்கும்போதே தினசரிப் பதிவேட்டை என் முன்னால் வைத்தான்.

"வழுக்கி விழுந்தார்னு எழுதுங்க மேடம்."

நான் பேனாவை எடுக்கவில்லை. அவன் சிரித்தான்.

"பொண்ணுக்கு வரன் பாக்குறீங்களாமே. ஊர்ல விசாரிக்கிறவங்க எங்கிட்டதானே வருவாங்க?"

எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். நான் போய்விட்டால் இந்தப் பெண்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி என் மகள்.

அன்றிலிருந்து அஞ்சலை பேசவில்லை. கேட்டுக்கும் போகவில்லை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். அவள் இன்னும் அவன் கையில்தான் இருந்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. மேலிடத்துக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போட்டேன். ஒரு அதிகாரி வந்தார். பதிவேட்டைப் புரட்டி என் வரியைப் படித்தார்.

"நீங்க எழுதினதுதானே?"

தலையாட்டினேன். அவர் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

சமையல்கார விஜயாவுக்கும் கேட்கும்படி அவன் உரக்கச் சொன்னான்: "மேடம் கையெழுத்து முத்து முத்தா இருக்கு. அதான் ஆபீசருக்கு ஒரு சந்தேகமும் வரல."

அன்று எனக்கு நியாயம் வேண்டும் என்று தோன்றவில்லை. அவன் அழிய வேண்டும் என்று தோன்றியது. இதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

எங்கள் குலதெய்வம் காளியம்மன். பட்டுக்கோட்டையைத் தாண்டி ஒரு தென்னந்தோப்புக்குள் இருக்கிறாள். அநியாயத்துக்கு ஆளானவர்கள் காய்ந்த மிளகாயை அரைத்து அவளுக்குப் பூசுவார்கள். தாய்க்கு எரிகிற எரிச்சல் செய்தவனைப் போய்ச் சேரும். பூசாரி மற்ற நாட்களில் தேங்காய் லோடு ஓட்டுகிறவர். என் பையை எட்டிப் பார்த்தார்.

"கல்யாணத்துக்கே கொழம்பு வைக்கலாம் போலருக்கே. ரொம்பப் பெரிய ஆளுங்களா?"

நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டு முறையைச் சொன்னார்.

"அரைக்கிறப்ப பேரச் சொல்லணும். செஞ்சவங்க, தொணைக்கு நின்னவங்க, அத்தன பேரு பேரையும் சொல்லணுங்க. ஒருத்தர விட்டாலும் தாயி ஏத்துக்க மாட்டா."

அவன் பெயரைச் சொல்லி அரைத்தேன். அடித்த கை விளங்காமல் போகட்டும், சிரித்த வாய் கோணிப் போகட்டும், அவன் தலைகுனிவதை நான் பார்க்க வேண்டும் என்று வேண்டி வேண்டி அரைத்தேன்.

"அவ்ளோதாங்களா?" என்றார் பூசாரி.

"அவ்ளோதான்."

அவர் எழுந்திருக்கவில்லை. என் உள்ளங்கை பற்றி எரிந்தது. குழவியை நகர்த்த முடியவில்லை. அழுதுகொண்டே இன்னொரு பெயரைச் சொன்னேன்.

"அது யாருங்க?"

"நான்தான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப உங்களுக்கும் வலிக்குமேங்க?"

"வலிக்கட்டும். அவனுக்கு வலிச்சாப் போதும்."

"அரைங்க" என்றார். அரைத்ததை எடுத்துத் தாய்க்குப் பூசினார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் மிரட்டியதையும் சொன்னேன். "அந்தாள விசாரிச்சுட்டு வர்ற மாப்பிள்ளை எனக்கு எதுக்கும்மா?" என்றாள். மறுநாளே என் பெயரைப் போட்டு மேலதிகாரிகளிடம் மனுக் கொடுத்தேன். பதிவேட்டில் இருப்பது என் கையெழுத்து, நான் எழுதியது பொய் என்று முதல் வரியிலேயே எழுதினேன்.

ஐப்பசி மழையில் விசாரணைக்கு வந்தார்கள். கூடவே போலீஸ். அவன் கொஞ்சமும் அசரவில்லை.

"இந்தம்மாவுக்கு எம்மேல காண்டு சார். வாயே தொறக்காத ஒரு பைத்தியத்த வச்சுக்கிட்டு..."

மூன்று மாதம் பேசாத அஞ்சலை சுவரிலிருந்து திரும்பினாள். கோணலாகக் கூடிய கையை உயர்த்தினாள்.

"வழுக்கி விழல. இந்தாளு கம்பியால அடிச்சுச்சு."

தாய்தான் அவள் வாயில் வந்து நின்றாள். பிறகு ஒவ்வொருத்தியாக வந்து முதுகையும் தோளையும் காட்டினார்கள்.

அவனை ஜீப்புக்கு நடத்திப் போனார்கள். வாசற்படியில் பாசி. பத்து வருடமாக அவன் ஏறி இறங்கிய படி. கால் வைத்தான், மல்லாக்க விழுந்தான். ஊன்றிய வலது மணிக்கட்டு பிசகியதில் கத்தினான். சமையற்கட்டு வாசலிலிருந்து விஜயா குரல் கொடுத்தாள்:

"வழுக்கி விழுந்தார்னு எழுதிக்குங்க மேடம்!"

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எத்தனை மாதம் கழித்து என்று தெரியவில்லை. நான் கேட்டதைத் தாய் என் கண் முன்னாலேயே கொடுத்தாள்.

என்னையும் அவள் விடவில்லை. பொய் எழுதியதற்காக என் வேலை போனது. வழக்கில் என் பெயரும் இருக்கிறது. கூடி வந்த வரன் தட்டிப் போயிற்று. இப்போதும் யாராவது கதவைத் தட்டினால் மகள் உள்ளே இருக்கிறாளா என்றுதான் முதலில் பார்க்கிறேன். மழை நாளில் வலது உள்ளங்கை எரிகிறது. ஆனால் சோறு இறங்குகிறது. அவனை நான் மன்னிக்கவில்லை. அவனுக்கு ஜாமீன் கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்ட அன்று தாய்க்குக் கற்பூரம் ஏற்றினேன்.

அஞ்சலை இப்போது வேறு காப்பகத்தில் இருக்கிறாள். வெள்ளிதோறும் பார்க்கப் போகிறேன். கேட்டருகே நிற்கிறாள். "அண்ணன் வந்துச்சா?" என்று என்னிடம் கேட்கிறாள். அந்தக் கேள்வியைக் காதால் கேட்கும்போதெல்லாம் தாயைக் கும்பிடுகிறேன்.

உங்களுக்கும் அநியாயம் நடந்திருந்தால் அவளிடம் வாருங்கள். கோபத்தோடே வாருங்கள், அவள் முகம் சுளிக்க மாட்டாள். பை நிறைய மிளகாய் கொண்டுவந்து, கேட்க நினைத்ததையெல்லாம் கேளுங்கள். பூசாரி "அவ்ளோதாங்களா?" என்று கேட்கும்போது மட்டும் அவசரப்பட்டுத் தலையாட்டிவிடாதீர்கள்.