கல் கட்டிய புடலங்காய்

தரிசில் தோட்டம் போட்டேன். உடைந்த செங்கல் பொறுக்கிச் சூளை கட்டினேன். மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நான், என் தோட்டத்துக் காய்களைப் பார்த்துப் பார்த்தே பீங்கான் சிற்பம் செய்யக் கற்றேன். கற்றுக்கொடுக்க ஒருத்தரும் இல்லை. சிரிக்க ஊரே இருந்தது.

கொடுமுடிக்குப் போகும் வழியில் ஓர் ஓட்டல் முன் காரை நிறுத்துகிறேன். வரவேற்பறையில் நான் செய்த பீங்கான் புடலங்காய் தொங்குகிறது. நுனியில் நான் கட்டிய கல்லைக் காணோம். கீழே பலகையில் ஓட்டலை அலங்கரித்தவர் பெயர் மட்டும்தான்.

கை நீட்டுகிறேன். காவலாளி ஓடி வருகிறார்.

"ஏனுங்க, தொடாதீங்க!"

"செஞ்சவனே நான்தானுங்க."

"காருல வந்து எறங்கறீங்க, புடலங்கா செய்யறீங்களா?"

"காரு வாங்கிக் குடுத்ததே புடலங்காதானுங்க. கல்லு எங்க போச்சு?"

"பார்சல்ல வந்த குப்பைன்னு அத்துப்போட்டாங்க. சுட்ட காய்க்கு எதுக்குங்க கல்லு?"

"காய் நேரா எறங்கோணும்னா கல்லுக் கட்டோணும். நான் செஞ்சது கொடியில வளர்ற காயிங்க, சந்தையில கெடக்கறது இல்ல."

வாசலில் ஒரு கல்லைப் பொறுக்கி, வேட்டியில் நூல் உருவிக் கட்டிவிடுகிறேன். மேலாளர் வந்து முறைக்கிறார். நாற்காலியை இழுத்துப்போட்டு, அந்தப் பலகைக்கு நேராக உட்காருகிறேன். "இதுல என் பேரை எழுதுங்க" என்கிறேன் மேலாளரிடம். எழுதும்வரை எழுந்திருக்க மாட்டேன்.