கட்டைவிரலும் மெருகுப் பீப்பாயும்

வெள்ளி நகையைத் தட்டி முடித்தால் வேலை தீர்ந்தது என்று நினைப்பவர், மெருகு போட்டுப் பார்க்காதவர். போட்டுப் பார்த்தவர்களுக்கு இதைப் படிக்கும்போதே விரல் எரியும், அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். மலைமேல் செம்மேட்டில் எனக்கு நகைப் பட்டறை. உலகச் சண்டை நடந்த வருஷங்களில் கைமெருகை விட்டு உருட்டுப் பீப்பாய்க்கு மாறினோம். ஒரே நாளில் மாறிவிடவில்லை.

எலுமிச்சம்பழம்

எங்கள் பட்டறையில் தட்டுவது நான், மெருகு போடுவது என் மனைவி நல்லம்மாள். நகையைத் திராவகத் தண்ணீரில் போட்டு வெளுக்க வைப்பாள். பிறகு பூந்திக்கொட்டை நுரையில் நனைத்து, பித்தளைக் கம்பி பிரஷால் தேய்ப்பாள். ஒரு ஜோடிக் காப்புக்கு அரை நாள் போய்விடும். அப்படித் தேய்க்கும்போது கம்பி குத்தி, வலது கட்டைவிரலில் நகச்சுற்று வந்தது.

சந்தைக்கு வரும் வைத்தியர் எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் மாட்டிவிட்டார். மலையில் கல்யாணக் காலம் அது. பன்னிரண்டு வீட்டு நகை மெருகுக்குக் காத்திருந்தது. அவள் பழத்தை மாட்டிய கையோடு பிரஷை எடுத்தாள். வைத்தியர் அவளிடம் பேசவில்லை, என்னிடம் சொன்னார்: “அந்தக் கை தண்ணியில படாம இருக்கோணும் பத்தரே. பட்டா விரலு நிக்காது.”

மண்ணெண்ணெய் டின்

சேலத்தில் ஒரு பட்டறையில் பித்தளைப் பொத்தான்களைப் பீப்பாயில் போட்டு உருட்டி மினுக்குவதை ஒருமுறை பார்த்திருந்தேன். கை படாமல் மெருகு ஏறும் என்றால் அவள் விரல் ஆறிவிடும். வீட்டில் இருந்தது மண்ணெண்ணெய் டின். நடுவே ஒரு கம்பியைச் செருகி, கைப்பிடி வைத்து, மோதிரங்களையும் ஆற்று மணலையும் போட்டுச் சுற்றினேன்.

சதுர டின்னில் சரக்கு உருளாது. ஒரு பக்கம் ஒட்டிக் கிடந்து, மொத்தமாக மறுபக்கம் விழும். இருபது மோதிரம் போட்டேன். இருபதும் வெளியே வந்தன. எல்லாவற்றிலும் மணல் கீறல், ஏழு மோதிரம் நெளிந்திருந்தது. டின் துரு வேறு கறுப்பாக ஏறியிருந்தது. அவ்வளவையும் நல்லம்மாள்தான் திரும்பத் தேய்த்தாள். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்: “ஏனுங்க, மாமியாளையா உள்ள போட்டு அடச்சு வெச்சிருக்கீங்க?”

பலா மரம்

அடுத்து மரம். எங்கள் மலையில் மரம் என்றால் முதலில் கைக்கு வருவது பலா. தூணுக்குப் பலா, கதவுக்குப் பலா. தச்சரிடம் சொல்லி ஆறு பட்டையாகப் பீப்பாய் செய்தேன். பட்டை இருந்தால் சரக்கு மெல்லச் சரிந்து புரளும். அந்தக் கணக்கு சரிதான். மணலை விட்டுவிட்டு, வழவழப்பான கூழாங்கல் போட்டேன். மரத்தை மட்டும் யோசிக்கவில்லை. பலாக்கட்டை தண்ணீரில் ஊறினால் மஞ்சள் சாயம் விடும். மலையில் பிறந்த குழந்தைக்கும் அது தெரியும். மூடியைத் திறந்தபோது காப்பின் பூவேலை இடுக்கெல்லாம் மஞ்சள்.

மலையில் ஊர்க்கூட்டத்தை நாடு என்போம். வளப்பூர் நாட்டிலிருந்து பெரியசாமி, மகள் கல்யாணத்துக்கு வெள்ளி கொடுத்துச் செய்யச் சொன்ன காப்பை வாங்க அன்றைக்கே வந்து நின்றார். சாயம் என்று சொன்னேன், அவர் நம்பவில்லை. நல்லம்மாள் புளியைக் கரைத்து, அவர் கண் முன்னால் உட்கார்ந்து, இடுக்கு இடுக்காகத் தேய்த்து எடுத்தாள். புளித்தண்ணீர் புண்ணில் இறங்கியது. பெரியசாமி அவள் விரலைப் பார்க்கவில்லை, காப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் குடுத்தது வெள்ளிங்க. பித்தளை கலக்காம மஞ்ச எப்படிங்க வரும்?”

எண்ணெய்ப் பீப்பாய்

மலை இறங்கி சேந்தமங்கலத்தில் காதர் பாய் கடைக்குப் போனேன். எண்ணெய் வியாபாரம் செய்பவர். தேக்கில் ஒரு சின்னப் பீப்பாய் வைத்திருந்தார். எண்ணெய் குடித்த மரம், இனித் தண்ணீரை உறிஞ்சாது, சாயமும் விடாது. மோந்து பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்த்தேன். நகை அடிபடாமல் உள்ளே ஒட்ட, மோட்டார் வண்டியின் பழைய ரப்பர் ட்யூப் கேட்டேன். கல்லுக்குப் பதில் சைக்கிள் சக்கரத்துக்குள் இருக்கும் எஃகுக் குண்டுகள் கிடைக்குமா என்றும் கேட்டேன். சண்டைக் காலத்தில் அது சுலபமில்லை. பாய் நாலு கடைக்கு ஆள் அனுப்பிச் சேர்த்துக் கொடுத்தார்.

அவசரம் எதற்கு என்று கேட்டார். கூச்சத்தோடு விரல் விஷயத்தைச் சொன்னேன். நிறம் எப்படி இருக்கிறது என்றார். கறுப்பு என்றேன். பீப்பாயைக் கட்டிக்கொண்டிருந்த கயிற்றை அப்படியே விட்டுவிட்டார். “ஏன் பத்தரே, பீப்பாயை இவ்வளவு நேரம் மோந்து பாத்தீங்களே, அந்த விரலை யாராச்சும் மோந்து பாத்தீங்களா?”

சத்தம் போன தண்டை

பீப்பாய் தலைச்சுமையாக மலை ஏறியது. பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது. நகை ஒரு பங்கு என்றால் குண்டு இரண்டு பங்கு. பூந்திக்கொட்டைத் தண்ணீர் சரக்கு மூழ்கும் அளவு. மெதுவாகச் சுற்ற வேண்டும். சங்கிலியைச் சேர்த்துப் போட்டால் சிக்கிவிடும். நான் சுற்றினேன். ஊரில் யாரும் பார்த்திராத மினுக்கு வந்தது. நல்லம்மாள் இடது கையால் ஒரு மோதிரத்தை எடுத்துப் பார்த்து, தவிட்டில் புரட்டி ஈரம் எடுத்தாள். வலது கையைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள்.

நல்லம்மாளை மலை இறக்கி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக, டோலிக்காரர்களை மறுநாள் விடியற்காலை வரச் சொல்லியிருந்தேன். அன்று மாலை ஒரு பெண், தன் குழந்தையின் தண்டைக்காக வந்தாள். தண்டை உள்ளே கூடு, கூட்டுக்குள் பரல். பீப்பாயில் சுற்றியபோது, பற்றுவைத்த இணைப்பு இடுக்கில் நுரைத்தண்ணீர் புகுந்து பரல் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் குலுக்கினாள், சத்தம் வரவில்லை. காயவைத்துத் தருகிறேன் என்றேன். தண்டையை என் முன்னால் வைத்தாள். “மினுக்கை வெச்சு நான் என்னங்க பண்ண? மொளகுக் கொடிக்குள்ள புள்ள எங்க போச்சுன்னு இதுதானுங்களே சொல்லும்.”

கைராசி

சேலம் ஆஸ்பத்திரியில் கட்டைவிரலை அடியோடு எடுத்தார்கள். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் மணிக்கட்டு என்றார் டாக்டர். திரும்பி வந்த பிறகு பீப்பாயைச் சுற்றுவது அவள் வேலையானது. நான் வேண்டாம் என்றேன், அவள் கேட்கவில்லை. இடது கையால் சுற்றுவாள். அலுத்துப்போனால் வலது உள்ளங்கையைக் கைப்பிடியில் வைத்துத் தள்ளுவாள். கட்டைவிரல் இல்லாமல் பிடிக்க முடியாது, தள்ளத்தான் முடியும்.

பைல் நாட்டிலிருந்து ஒரு பெரியவர் பேத்திக்குச் செய்த காப்பை வாங்க வந்தார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. வெளிச்சத்தில் காப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்லம்மாள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அவர் அவளைப் பார்த்துக் கும்பிட்டுச் சொன்னார்: “எந்தப் பட்டறையில செஞ்சாலும் மெருகுக்கு உங்க கைதானுங்க அம்மா. அந்தக் கை நல்லா இருக்கோணும் சாமி.”

உருட்டுப் பீப்பாய் வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: மரத்தையும் குண்டையும் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றிப் பார்க்கலாம், அதற்கெல்லாம் நகச்சுற்று காத்திருக்காது.