கருகிய காட்டில் எண்பத்தேழு ஆடுகள்

பேய், முனி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவன் நான். முப்பத்தொரு வருடம் கணக்கு வாத்தியார், எண்ண முடியாத எதையும் ஏற்றுக்கொண்டதில்லை. நீங்களும் நம்ப வேண்டாம், கேட்டுவிட்டாவது போங்கள்.

பனவடலிசத்திரம் பக்கம் ஒரு பெரிய புல்வெளி. ஐப்பசி மழைக்குச் சற்று முன்னால் ஒரு மூலையில் காய்ந்த புல்லைக் கொளுத்திவிட்டால் மழையில் புதுத்தளிர் வரும், ஆடு மேய்ப்பவர்களின் வழக்கம் அது. எந்த நாளில் கொளுத்துவது என்று ஆட்டுக்காரர் மாடசாமி என்னிடம்தான் கேட்பார். வருடம் தவறாமல் மழை நாட்களைக் குறித்து வைப்பவன் அல்லவா. போன வருடமும் கேட்டார்.

"ஐப்பசி பத்துக்குள்ள பெஞ்சிரும், கொளுத்தும்வே" என்றேன்.

மழைக்குப் பதில் காற்றுதான் வந்தது. மண்ணில் ஈரமே இல்லை, வெளி முழுக்க வேர் வரை எரிந்துவிட்டது. இந்த வானத்தை இன்னும் நம்பிக் கணக்குப் போட்ட என்னை எதால் அடிப்பது?

தீ வைத்த இருபதாம் நாள் உச்சிவேளையில் போனேன். மாடசாமி ஆடுகளோடு சாம்பலில் நின்றார்.

"தீவனம் வாங்கி முடியல சார்வாள். நாளைக்கு யாவாரி வாரான். இங்கன புல்லு வருமா வராதா, அதச் சொல்லுங்க. வராதுன்னா வித்துருதேன்."

"நான் சொன்னா வந்துருமாவே?"

"நீங்க சொல்லித்தான எரிஞ்சுது."

அப்போதுதான் ஆடுகள் தலை குனிந்து மேயத் தொடங்கின. எண்ணினேன், எண்பத்தேழும். நறுக் நறுக்கென்று புல் அறுபடும் சத்தம் தெளிவாகக் கேட்கிறது, குனிந்து பார்த்தால் வெறும் சாம்பல். மாடசாமி ஒரு ஆட்டின் வாயைப் பிளந்து விரலை விட்டார். விரலில் பச்சைச் சாறு. ஒரு மணி நேரத்தில் அத்தனை வயிறும் உப்பிவிட்டது.

"புல்லு வரும்னு காட்டுது சார்வாள். விக்கட்டுமா, வேண்டாமா?"

இது என் கணக்கில் அடங்காது. ஆனால் கேட்கிறாரே. "விக்காதேயும்" என்றேன்.

அவர் கடன் வாங்கி, மந்தையைக் கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் ஓட்டிப்போய் வைத்துக்கொண்டார். நாற்பத்தாறாம் நாள் மழை பெய்தது. ஒன்பது நாள் கழித்து, புல் முளைத்திருக்கிறது என்று ஆள் அனுப்பினார், ஓடினேன். அங்கே குத்தவைத்து உட்கார்ந்திருந்தவர் நிமிரவே இல்லை.

"இன்னைக்கு வரைக்கும் ஒரு ஆட்டையும் இங்கன விடல."

ஒரு சாண் இடத்தில் எண்ணினேன், நூற்றுப் பன்னிரண்டு தாள். மண்ணுக்கு வெளியே வரும்போதே ஒவ்வொன்றுக்கும் நுனி இல்லை. சந்தேகப்பட்டு, இன்னும் வெளியே வராத ஒரு முளையை நகத்தால் தோண்டி எடுத்தேன். அதிலும் ஆட்டுப் பல் பட்டிருந்தது.