பத்துப் பேருக்குக் கீழே

எங்கள் பிரிவில் அவருக்குப் பெயர் முப்பது. வட்டாரத்துக்கு முப்பது வருஷம் கழித்து எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கணக்குப் போடுவது அவர் வேலை. டீ சொல்லட்டுமா என்றால்கூட, இன்றைக்கு மட்டுமா நாளைக்கும் சேர்த்தா என்று கேட்கிற ஆள். அவர் எழுதித் தருவதைத் தட்டச்சு செய்வது என் வேலை. பதினாறு வருஷம் எதிரெதிர் மேஜை. மனிதர் லஞ்சம் வாங்கியதில்லை, ஒரு நாள் தாமதமாக வந்ததில்லை. அதனால்தான் அவர் மேல் எனக்கு இவ்வளவு கோபம். கெட்டவராக இருந்திருந்தால் என்றைக்கோ மறந்திருப்பேன்.

கணக்கு இதுதான். ஓர் ஊரில் கடந்த மூன்று கணக்கெடுப்பிலும் எத்தனை பேர் இருந்தார்கள் என்று வரைதாளில் மூன்று புள்ளி வைப்பார். அவற்றைச் சேர்த்துக் கோட்டை நீட்டுவார். கோடு மேலே போனால் ஊருக்குக் குழாய் உண்டு. கீழே இறங்கி முப்பதாவது வருஷத்தில் பூஜ்யத்தைத் தொட்டால், காலியாகப் போகிற ஊருக்குக் குழாய் எதற்கு என்று விட்டுவிடுவார்கள்.

அவர் பிறந்த ஊரின் கோடு கீழே இறங்கியது. ஏன் என்று அவருக்கே தெரியும். கடைசிக் கணக்கெடுப்பு நடந்த மாதங்களில் அங்கே பாதிப் பேர் வெளியூர்ச் செங்கல் சூளைகளுக்குப் போயிருந்தார்கள். வீடுகள் பூட்டிக் கிடந்தன. வேறு இரண்டு ஊர்களுக்கும் இதே கதைதான். அந்த இரண்டுக்கும், 'ஆட்கள் திரும்பி வருவார்கள்' என்று ஒரு வரி எழுதி எண்ணைத் திருத்தினார். நான்தான் தட்டச்சு செய்தேன். தன் ஊருக்கு மட்டும் எழுதவில்லை.

"சார், மூணாவது ஊருக்குக் குறிப்பு விட்டுப்போச்சு."

"விட்டுப்போகல. அது என் ஊரு. நாளைக்கு நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க."

ஊர் வாயை மூட உலைமூடி இல்லைதான். ஆனால் அந்த நாலு பேர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அந்த ஊரில் அவருடைய அக்கா இருந்தார். தாய் போன பிறகு தம்பியை வளர்த்துப் படிக்க வைத்தவர். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. திட்டம் கையெழுத்தாவதற்கு முன் அந்த அம்மா அலுவலகத்துக்கே வந்துவிட்டார். நாற்காலி போட்டது நான்.

"ஒரு வரி எழுதினா போதுமாமே தம்பி. உள்ளதத்தானே எழுதச் சொல்றேன்?"

"உள்ளதுதான்க்கா. ஆனா நான் எழுதக்கூடாது."

"பின்ன யாருடா எழுதுவா?"

அவர் பென்சிலைச் சீவத் தொடங்கினார்.

குழாய் ஊரை ஒதுக்கிவிட்டு மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போனது. ஊருக்கு வாரம் இரண்டு முறை தண்ணீர் லாரி. அதை நம்பி யார் குடும்பம் நடத்துவார்கள்? சூளைக்குப் போனவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தை மூடினார்கள், பிறகு கடையை. முப்பது வருஷத்தில் காலியாக வேண்டிய ஊர் ஒன்பதே வருஷத்தில் காலியானது. ஆய்வுக் கூட்டத்தில் பெரிய அதிகாரி, "நீங்க சொன்ன மாதிரியே நடந்திருக்கு" என்று கைகொடுத்தார். குழியை வெட்டி வைத்துவிட்டு, விழுவான் என்று அப்போதே சொன்னேனே என்பவனுக்கும் பாராட்டு. முப்பதுக்கு அன்று முகமெல்லாம் சிரிப்பு.

அந்தக் கூட்டத்துக்கு முன்பு ஊரில் தலை எண்ணப் போனதும் அவரேதான். வந்து தாளை நீட்டினார். ஊருக்கு நேரே பூஜ்யம்.

"அக்கா அங்கதானே இருக்காங்க?"

"அக்காவோட சேர்த்து ஏழு பேர். பத்துப் பேருக்குக் கீழ இருந்தா பூஜ்யம்னுதான் போடணும். விதி."

"பூஜ்யம்னு போட்டா லாரிய நிறுத்திடுவாங்களே சார்."

"அக்காவ என் வீட்டுக்கு வரச் சொல்லியாச்சு. வர மாட்டேங்கிறாங்க."

"மத்த ஆறு பேரு?"

தாளை என் மேஜையில் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். நானும் பெரிய நியாயவாதி மாதிரி இங்கே எழுதுகிறேன். அன்று அந்தப் பூஜ்யத்தைத் தட்டச்சு செய்து கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

கூட்டம் முடிந்த அடுத்த திங்கட்கிழமை லாரி நின்றது. வெள்ளிக்கிழமை மத்தியானம் தொலைபேசி அடித்தது. எடுத்தேன்.

"லாரி வரலம்மா, அஞ்சு நாளாச்சு. பக்கத்து ஊருக்கு நடந்து வந்து பேசறேன். தம்பி இருக்கானா?"

எதிரே உட்கார்ந்திருந்த தம்பி, இல்லை என்று சொல்லும்படி கையை ஆட்டினார்.

"வெளிய போயிருக்காருங்க."

"பரவாயில்ல. வெச்சிடாதம்மா. அவன் வர்ற வரைக்கும் இப்படியே இருக்கேன்."

அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. முப்பது, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அடுத்த தாளின் கூட்டலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டானா?"

"இன்னும் இல்லைங்க."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டார். இல்லை என்றேன். மூன்றாம் தடவை கேட்டபோது பதில் சொல்லாமல் ரிசீவரை வைத்துவிட்டேன். வைத்தது நான்தான்.

"தேங்க்ஸ்மா," என்றார் முப்பது.